பிக் போர் ஏர் ரைஃபிள்ல பேரல் மோசமா? அறிகுறியை வச்சு கோளாறைப் பிடிக்கிற வழி

குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுங்க அட்டையில விழுற கூட்டம்) விரிஞ்சு போச்சுன்னா உடனே "பேரல் குப்பை, மாத்திடணும்"னு முடிவு கட்டிடுறாங்க நிறைய பேர். டேங்க்ல அடைச்ச காத்தால சுடுற பிக் போர்ல, அதாவது போர் (பேரலோட உள் துளை) .357, .457, .50 இன்ச் மாதிரி பெரிய சைஸ்ல, பேரல் தரம் ஒரே மாடல்லயே துப்பாக்கிக்கு துப்பாக்கி மாறுது, அது உண்மைதான். ஆனா மோசம்னு ஒதுக்கி வச்ச பேரல்ல பல நேரம் கோளாறு ரெண்டு முனையில ஏதாவது ஒண்ணுலதான் இருக்கும், இல்லன்னா குண்டு சைஸ் அந்த பேரலுக்குப் பொருந்தாம இருக்கும். இந்த ரெண்டையும் சரி பண்ணலாம். நடுப் பேரல்ல இருந்தே லூஸாகிப் போயிருந்தா மட்டும்தான் ஒண்ணும் பண்ண முடியாது. எது எதுன்னு அளந்து பார்க்காம கையில ஸ்பேனரை எடுக்காதீங்க, தேய்க்கிற பேஸ்ட்டையும் எடுக்காதீங்க.

ஏர் ரைஃபிள்ல பேரலும் குண்டும் பொருந்துறது ஏன் இவ்ளோ முக்கியம்னு முதல்ல புரிஞ்சுக்கணும், ஏன்னா கீழ சொல்ற எல்லாமே இதை வச்சுதான். வெடிமருந்து துப்பாக்கியில பிரஷர் அவ்ளோ ஜாஸ்தி, குண்டு கொஞ்சம் சின்னதா இருந்தாலும் பின்பக்கம் நசுங்கி வீங்கி க்ரூவை, அதாவது குண்டைச் சுழல வைக்கிற ரைஃப்ளிங் வரியோட பள்ளத்தை, அடைச்சிடும். ஈயக் குண்டு வார்க்கிறவங்க வச்சிருக்கிற ஒரு தோராயக் கணக்கு இருக்கு: ஈயத்தோட பிரினெல் கடினத்தை 1422-ஆல பெருக்குனா, அது நசுங்கத் தேவையான அழுத்தம் பிஎஸ்ஐ கணக்குல கிடைக்கும். சுத்த ஈயம் பிரினெல் 5 சுமார், அப்போ 7000 பிஎஸ்ஐக்கு மேல வேணும். நம்ம ரைஃபிள்ல டேங்க்ல இருக்கிறதே 3000 முதல் 4500 பிஎஸ்ஐ வரைக்கும்தான், குண்டுக்குப் பின்னாடி வந்து சேர்றது அதைவிடக் கம்மி. அதுனால குண்டு வீங்காது. நீங்க எந்த சைஸ்ல உள்ள தள்ளுறீங்களோ அதே சைஸ்லதான் வெளிய போகும், வழியில இறுக்கமான இடம் இருந்தா இன்னும் சின்னதாகித்தான் போகும். அடிப்பக்கம் குழியா இருக்கிற ஹாலோ பேஸ் ஸ்லக்கும், இடுப்பு ஒடுங்கின டயபோலோ பெல்லட்டும் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, அதுங்க ஸ்கர்ட் (அடி விளிம்பு) மெல்லிசு, விரியும்.

வேலையில இறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. டேங்க்ல காத்தை முழுசா இறக்கிடுங்க, சேம்பர் (குண்டு உட்கார்ற இடம்) காலியான்னு கண்ணால பாருங்க, அப்புறம் விரலை விட்டும் பாருங்க. கேஜ் பூஜ்யம் காட்டுதுன்னு நம்பாதீங்க, காத்து இறக்குன பிறகும் கம்பியால தட்டி வால்வைத் திறந்து பாருங்க. இது பொம்மை கிடையாது, பெரிய மிருகத்தையே சாய்க்கிற சாமான். ஈயத்தைத் தொட்டா கையைக் கழுவுங்க, வேலை பண்ற மேசையில சாப்பாடு வைக்காதீங்க.

குண்டு மேல கீழ மட்டும் பரவுது

இது பெரும்பாலும் பேரல் கிடையாது. ரெகுலேட்டர் (ஷாட்டுக்கு ஷாட் காத்தழுத்தத்தை ஒரே அளவா வைக்கிற பாகம்) இல்லாத பிக் போர்ல ஒரு ஃபில்லுக்கு, அதாவது டேங்க்கை ஒரு தடவை நிரப்புனா, நல்ல ஷாட் மூணோ நாலோதான் வரும், அதுக்கப்புறம் வேகம் சரசரன்னு இறங்கும். 800 எஃப்பிஎஸ்ல (நொடிக்கு 800 அடி) போற குண்டு 20 எஃப்பிஎஸ் குறைஞ்சா 50 யார்டுல மூணுல ஒரு பங்கு இன்ச் அளவுதான் கீழ விழும், ஆனா 100 யார்டுல அதே 20 எஃப்பிஎஸ் ஒன்றரை இன்ச்சுக்கு வந்து நிக்கும். க்ரோனோகிராஃப் (வேகம் அளக்குற கருவி) இல்லாம 100 யார்டுல பேரலைத் திட்டுறது நியாயமே இல்ல. வேகம் ஒரே சீரா இருக்கிற ஷாட்டுகளை மட்டும் வச்சு குரூப் பாருங்க, ஃபில் பிரஷர் ஒரே அளவுல தொடங்கி ரெண்டு ரெண்டு ஷாட்டா சுட்டு திரும்ப ஏத்தி, அப்படியே அஞ்சு குண்டு சேர்த்தா கூட பரவாயில்ல. அப்படி சுட்டும் மேல கீழ போச்சுன்னா அப்ப யோசிக்கலாம்.

ஃபில் பண்ணின உடனே ஒரு இடம், பிரஷர் இறங்குனா பக்கவாட்டுல வேற இடம்

டேங்க் ட்யூப்பும் பேரலும் ஒரு பேண்டால சேர்த்துக் கட்டி இருக்கா பாருங்க. பிரஷர் ஏறுனா ட்யூப் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும், வளையும், பேண்டு பேரலையும் சேர்த்து இழுக்கும். பேண்டை லூஸ் பண்ணி, பேரலுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விட்டு சுட்டுப் பாருங்க, சில மாடல்ல பேண்டே வேண்டாம். ஆனா பேரல் ப்ரீச்சுல (பின் முனையில) உறுதியா நிக்குதான்னு பார்த்துட்டுதான் எடுக்கணும், சில டிசைன்ல பேரல் ரெண்டு சின்ன க்ரப் ஸ்க்ரூவை நம்பித்தான் நிக்குது, அதுல பேண்டை எடுத்தா இன்னும் மோசமாகும். அந்த க்ரப் ஸ்க்ரூவையும் அளவுக்கு மீறி முறுக்காதீங்க, சுவர் மெல்லிசா இருக்கிற பேரல்ல ஸ்க்ரூ முனை உள்பக்கம் ஒரு மேட்டை உண்டாக்கிடும், அப்புறம் அதுவே ஒரு இறுக்கமான இடமா மாறிடும்.

ஸ்கோப் மவுண்ட், ரிங் ஸ்க்ரூ எல்லாம் இதே நேரத்துல பாத்துடுங்க. மாடரேட்டர் (சத்தம் குறைக்க வாயில மாட்டுற குழாய்) மாட்டியிருந்தா கழட்டிட்டு சுடுங்க, குண்டு உள்ள இருக்கிற தடுப்புல லேசா உரசுனா கூட குரூப் எங்கயோ போயிடும், கழட்டிப் பார்த்தா தடுப்பு ஓட்டையோட ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் ஈயம் பூசின மாதிரி தடம் தெரியும்.

இதெல்லாம் முடிச்சும் குரூப் வரலைன்னா இப்ப பேரலுக்கு வரலாம்.

அளக்குறது: ஸ்லக்கிங்

ஸ்லக்கிங்னா ஈய உருண்டையை பேரலுக்குள்ள தள்ளி உள் அளவை எடுக்கிறது. இதை ஒரு தடவை பண்ணாம கீழ இருக்கிற எதையும் பண்ணாதீங்க. என்னைக் கேட்டா பேரல் புதுசா வந்த அன்னைக்கே பண்ணி எழுதி வச்சுக்கணும்.

பேரலைக் கழட்டுங்க. ப்ரீச் ஓ-ரிங், ட்ரான்ஸ்ஃபர் போர்ட் (காத்து பேரலுக்குள்ள வர்ற ஓட்டை) சீல் எல்லாம் எடுத்து வச்சிடுங்க. பேரலை நல்லா சுத்தம் பண்ணி உள்ள ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்க. சுத்த ஈய உருண்டை, க்ரூவைவிட கொஞ்சம் பெருசா இருக்கணும், அதை ப்ரீச் பக்கம் வச்சு மர சுத்தியால தட்டி உள்ள இறக்குங்க, இறங்கும்போது சுத்தி ஒரு ஈய வளையம் சீவி விழணும், விழலைன்னா உருண்டை சின்னது. அப்புறம் பித்தளை கம்பியோ பிளாஸ்டிக் பூசுன ராடோ வச்சு கையால மெதுவா தள்ளுங்க. தட்டித் தட்டித் தள்ளக்கூடாது, கைக்கு உணர்ச்சி தெரியாது. தள்ளும்போது எங்க இறுகுது, எங்க திடீர்னு வழுக்கிட்டு ஓடுதுன்னு கவனிச்சு அந்தந்த இடத்துல ராடு மேல டேப் ஒட்டிக் குறிச்சுக்கோங்க.

நல்ல பேரல்னா ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும், இல்லன்னா வாய்ப் பக்கம் போகப் போக லேசா இறுகும். சில தயாரிப்பாளர்கள் வாய்ப் பக்கம் வேணும்னே சோக் வைக்கிறாங்க, அதாவது கடைசியில போரைக் கொஞ்சம் குறுக்குறாங்க, ஜெர்மனியோட லோதர் வால்தர் பேரல் பலதுல அது இருக்கும், அதைக் கோளாறுன்னு நினைச்சுடாதீங்க. மோசமானது எதுன்னா ஆரம்பத்துல இறுக்கம், அப்புறம் லூஸ். குண்டு இறுக்கத்துல சின்னதாகி, லூஸ் இடத்துல காத்து பக்கத்துல ஒழுகி, ரைஃப்ளிங்கைப் பாதிதான் பிடிச்சுக்கிட்டு வெளிய போகும்.

முழுசா தள்ளுன உருண்டை பேரல்லயே இறுக்கமான இடத்தோட அளவைத்தான் காட்டும். அதுனால இன்னும் ரெண்டு உருண்டை எடுங்க. ஒண்ணை ப்ரீச்சுல ரெண்டு இன்ச் மட்டும் உள்ள தள்ளி, எதிர்ப்பக்கத்துல இருந்து ராடை விட்டு வந்த வழியே திருப்பி எடுங்க. இன்னொண்ணு வாய்ப் பக்கம் ரெண்டு இன்ச், அதே மாதிரி. இப்போ மூணு அளவு கையில இருக்கு: ப்ரீச், வாய், நடுவுல இருக்கிற இறுக்கம். மைக்ரோமீட்டர்லதான் அளக்கணும், வெர்னியர் காலிபர் அரை தௌ, ஒரு தௌ வித்தியாசத்துக்கு (0.0005, 0.001 இன்ச்) நம்ப முடியாது. ரைஃப்ளிங் க்ரூவ் எண்ணிக்கை இரட்டைப்படையா இருந்தா எதிரெதிர் மேட்டுல வச்சு அளந்துடலாம். அஞ்சு, ஏழுன்னு ஒற்றைப்படையா இருந்தா மேட்டுக்கு எதிர்ல பள்ளம் வரும், சாதா மைக்ரோமீட்டர் உண்மையைவிடக் குறைச்சுக் காட்டும், அதுக்கு வி-ஆன்வில் மைக்ரோமீட்டர் வேணும். அது கிடைக்காதவங்க வேற வழி பண்ணலாம்: .356, .357, .358-னு அளவு தெரிஞ்ச குண்டுகளை ஒவ்வொண்ணா தள்ளி எடுத்து, எந்தக் குண்டுல க்ரூவோட அடிப்பாகம் வரைக்கும் உரசின தடம் சுத்தி முழுக்க விழுதுன்னு பாருங்க. அதுதான் உங்க பேரலோட சைஸ்.

முதல் ஷாட்டுல இருந்தே விரியுது, எந்தக் குண்டு போட்டாலும்

ஸ்லக்கிங் அளவை எடுத்துட்டு குண்டை அளந்து பாருங்க. பெட்டி மேல போட்டிருக்கிற சைஸை நம்பாதீங்க, எடுத்து அளங்க. க்ரூவ் .358 இருக்கு, குண்டு .356 இருக்குன்னா மேல சொன்ன கணக்குப்படி அது வீங்காது, ரெண்டு தௌ இடைவெளியில காத்து ஒழுகிட்டே வெளிய போகும். க்ரூவுக்குச் சமமா இல்லன்னா அரை தௌ முதல் ஒரு தௌ வரைக்கும் பெருசா இருக்கிறது நல்லா வேலை செய்யும். அதுக்கு மேல பெருசாக்குனா போல்ட்டை (குண்டை உள்ள தள்ளுற பாகம்) தள்ளவே கை வலிக்கும், வேகமும் குறையும், ஏன்னா குண்டைச் செதுக்கவே காத்தோட பலம் போயிடும். சைஸிங் டை (குண்டை ஒரே சைஸுக்கு அழுத்துற அச்சு) ஒண்ணு வாங்கி வச்சா இந்தப் பிரச்சனை நிரந்தரமா தீரும், கொஞ்சம் பெருசா வார்த்து உங்க பேரலுக்குன்னு சைஸ் பண்ணிக்கலாம். ஈயம் மென்மையா இருக்கட்டும். வீல் வெயிட் ஈயம் மாதிரி கெட்டியானதைப் போட்டா ஏர் ரைஃபிள்ல ரைஃப்ளிங் சரியா பதியாம போகலாம்.

சைஸ் சரியா இருந்தும் விரியுதுன்னா க்ரவுன். குண்டு பேரலை விட்டுப் பிரியுற கடைசி விளிம்பு. அங்க ஒரு பக்கம் சின்னப் பிசிறு இருந்தா கூட குண்டோட பின்பக்கம் ஒரு பக்கம் முன்னாடியும் ஒரு பக்கம் பின்னாடியும் விடுபடும், காத்து அந்தப் பக்கமா பீச்சி குண்டைச் சாய்ச்சு விடும். பிக் போர்ல பின்னாடி வர்ற காத்தோட அளவு ரொம்ப அதிகம், அதுனால சின்ன கேலிபர்ல சமாளிச்சுப் போற க்ரவுன் இங்க சமாளிக்காது. பாக்குறது சுலபம்: காது குடையுற பஞ்சுக் குச்சியை உள்ள விட்டு விளிம்புல உரசிக்கிட்டே வெளிய இழுங்க, சுத்தி எல்லாப் பக்கமும். எங்க பஞ்சு நூல் மாட்டுதோ அங்க பிசிறு. லென்ஸ் வச்சும் பாருங்க. சுட்ட பிறகு வாயைச் சுத்தி படியிற சாம்பல் நிற ஈயத் தடம் நட்சத்திரம் மாதிரி ஒரே சீரா இருந்தா க்ரவுன் பெரும்பாலும் நல்லா இருக்கு, ஒரு பக்கம் நீளமா ஒரு பக்கம் குட்டையா இருந்தா சந்தேகப்படுங்க.

லேசான பிசிறுக்கு பித்தளை ஸ்க்ரூ போதும், தலை உருண்டையா இருக்கிற வகை, தலை அகலம் போரைவிடப் பெருசா இருக்கணும். தலையில இருக்கிற வெட்டு விளிம்புல படாத அளவுக்கு உருண்டை இருக்கான்னு பார்த்துக்கோங்க. பேரலுக்குள்ள ரெண்டு இன்ச் தள்ளி கிரீஸ் தடவுன துணியைத் திணிச்சிடுங்க, பேஸ்ட் உள்ள போகாம இருக்கும். ஸ்க்ரூவை டிரில்லுல மாட்டி, தலையில வால்வ் க்ரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவி, மெதுவான வேகத்துல வாயில வச்சு, டிரில்லோட பின்பக்கத்தை சின்ன வட்டமா சுத்திக்கிட்டே பண்ணுங்க, ஒரே கோணத்துல பிடிச்சா ஒரு பக்கம் அதிகமா தேயும். சில நொடிக்கு ஒருதரம் துடைச்சுப் பாருங்க. விளிம்புல சுத்தி ஒரே அகலத்துல பளபளன்னு வளையம் வந்த உடனே நிறுத்திடுங்க.

ஆழமான அடி, இல்ல க்ரவுனே கோணலா வெட்டியிருக்குன்னா லேத்துக்குத்தான் போகணும். லேத்காரர்கிட்ட ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லுங்க: பேரலோட வெளிப்பக்கத்தை வச்சு சென்டர் பண்ணக்கூடாது, உள்ள இருக்கிற போரை வச்சு டயல் இண்டிகேட்டர் போட்டு சென்டர் பண்ணணும். விலை கம்மி பேரல்ல போர் நடுவுல இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. 11 டிகிரியா, 45 டிகிரியா, தட்டையாங்கிற விவாதத்துக்கு நான் நேரம் செலவழிக்க மாட்டேன், போருக்கு நேர் செங்குத்தா சுத்தி ஒரே மாதிரி இருந்தா போதும்.

ஸ்லக்கிங் பண்ணும்போது வாய்ப் பக்கம் மட்டும் லூஸா வந்துச்சா? இதுக்குக் காரணம் பல நேரம் பேரலோட வெளிப்பக்க வேலைதான். பட்டன் வச்சு இழுத்து ரைஃப்ளிங் போட்ட பேரல்ல உலோகத்துக்குள்ள இழுவிசை தங்கியிருக்கும், அதுக்கப்புறம் வெளிய கடைஞ்சு மெல்லிசாக்குனாலோ மாடரேட்டருக்கு த்ரெட் போட்டாலோ அந்த இடத்துல உள்பக்கம் விரிஞ்சு கொடுத்துடும். த்ரெட் இருக்கிற அந்த அரை இன்ச், முக்கால் இன்ச் மட்டும் லூஸா இருக்கும். லூஸான நீளத்தை வெட்டி எறிஞ்சுட்டு புது க்ரவுன் போடுறதுதான் வைத்தியம். ஒரு இன்ச் போனா வேகம் கொஞ்சம் குறையும்தான், ஆனா குரூப் வரும்னா அது ஒரு நஷ்டமே கிடையாது. வெட்டுறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல துப்பாக்கி பேரல் நீளத்துக்கு சட்டம் ஏதாவது இருக்கான்னு பார்த்துக்கோங்க.

நல்லா போயிட்டு இருக்கும்போதே ஒண்ணு மட்டும் எங்கயோ போகுது

முதல்ல குண்டை எடை போடுங்க. வார்த்த குண்டுக்குள்ள காத்துக் குமிழி இருந்தா வெளிய தெரியாது, எடையில தெரியும். ஒரே அச்சுல வந்ததுல தனியா எடை குறைஞ்சு நிக்கிறதை ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்தைச் சுடுங்க. குண்டோட அடிப்பக்கம் விளிம்பு கூர்மையா முழுசா இருக்கான்னு பாருங்க, மூக்குல ஒரு குழி இருந்தா பொறுத்துக்கலாம், அடியில இருந்தா பொறுக்காது.

குண்டு சுத்தம்னா அடுத்த சந்தேகம் ட்ரான்ஸ்ஃபர் போர்ட். பேரலோட பக்கத்துல காத்து உள்ள வர்ற அந்த ஓட்டை. பிக் போர்ல அது பெருசு, துளை போட்ட பிறகு உள்பக்கப் பிசிறை எடுக்காம விட்டுருந்தா ஒவ்வொரு குண்டும் அதைத் தாண்டிப் போகும்போது ஒரு பக்கம் சீவிக்கும். ஒரு குண்டை போல்ட்டால உள்ள தள்ளிட்டு, வாய்ப் பக்கம் ராடை விட்டு ப்ரீச் வழியா மெதுவா திருப்பி எடுங்க. நீளவாட்டுல ஒரே பக்கத்துல கீறலோ, சீவல் துணுக்கோ இருந்தா காரணம் அதுதான். ஒவ்வொரு தடவையும் குண்டு வேற பக்கமா திரும்பி உள்ள போறதால சேதமும் வேற வேற மாதிரி, அதுனாலதான் மூணு சரியா போய் நாலாவது ஓடிப்போகுது.

பிசிறு எடுக்க மெல்லிசான குச்சியில 600 க்ரிட் உப்புத்தாளைச் சுத்தி, போர்ட்டோட உள் ஓரத்தை மட்டும் தடவி உடைங்க. வாய்ப் பக்கத்து ஓரத்துலதான் கவனம் அதிகம் வேணும், குண்டு போய் இடிக்கிறது அங்கதான். ஓட்டையைப் பெருசாக்காதீங்க, மோட்டார் வச்ச டூலை உள்ள விடாதீங்க, ஒரு நொடி வழுக்குனா பக்கத்துல இருக்கிற ரைஃப்ளிங் போச்சு. போர்ல ரெண்டு பக்கமும் துணி அடைச்சு வச்சா துகள் பரவாது. திரும்ப ஒரு குண்டைத் தள்ளிப் பாருங்க, கீறல் நின்னா நிறுத்துங்க.

இதோட போல்ட் முனை குண்டை போர்ட்டைத் தாண்டி முழுசா தள்ளுதான்னும் பாருங்க. நீளமான ஸ்லக் போடும்போது குண்டோட பின்பக்கம் போர்ட்டுக்கு மேலயே நின்னுடும், காத்து அடியில தள்ளாம பக்கவாட்டுல மோதும். பேரல் மேல பழி விழுற வழக்கமான காரணம் இது.

உள்ள தள்ளவே கஷ்டம், ஏத்தும்போதே ஈயம் சீவுது

குண்டு சைஸ் சரின்னு தெரிஞ்சு இது நடந்தா ரைஃப்ளிங் ஆரம்பிக்கிற இடம், லீட், அங்க சாய்வு போதாம படிக்கட்டு மாதிரி நிக்குது. டைட்டான துணிப் பட்டையில மெல்லிசான போர் பாலிஷ் பேஸ்ட் தடவி அந்த முதல் ஒரு இன்ச்ல மட்டும் முன்ன பின்ன தேய்ச்சா பிசிறு போயிடும். சாய்வே இல்லன்னா ரீமர் (துளையைச் சீவுற கருவி) வேணும், அது அனுபவம் உள்ளவர் கையில நடக்கட்டும். ரீமர் கோணலா போச்சுன்னா குண்டு ஆரம்பத்துலயே சாய்ஞ்சு ஏறும், அதைத் திருத்த வழி கிடையாது.

முதல் பத்து ஷாட் அருமை, அப்புறம் விரிஞ்சுக்கிட்டே போகுது

ஈயம் ஒட்டுது. வெடிமருந்து துப்பாக்கியில சூடான வாயு ஈயத்தை உருக்கி ஒட்ட வைக்கும்னு சொல்வாங்க, இங்க வர்றது குளிர்ந்த காத்து, அதுனால ஒட்டுறது முழுக்க உரசலாலதான். எங்க ஒட்டியிருக்குன்னு பார்த்தா எங்க சொரசொரப்புன்னு தெரிஞ்சிடும். போர்ட் கிட்ட, லீட் கிட்ட இருந்தா மேல சொன்ன பிசிறு வேலை. பேரல் முழுக்க பரவியிருந்தா உள் பரப்பே கரடு.

முதல்ல சுத்தம் பண்ணுங்க. ஸ்டீல் பேரல்னா பித்தளை ப்ரஷ்ல சுத்த செம்பு இழையைச் சுத்தி ப்ரீச் பக்கத்துல இருந்து தள்ளுனா ஈயத் தகடு தகடா வரும். பித்தளை பேரல்னா நைலான் ப்ரஷ் மட்டும், அமோனியா கலந்த க்ளீனர் கிட்டவே கொண்டு போகாதீங்க. ராடு க்ரவுன்ல உரசாம இருக்க கைடு போடுங்க. பேரலைத் துப்பாக்கியிலேயே வச்சு சுத்தம் பண்ணா வாயைக் கீழ சாய்ச்சுப் பிடிங்க, க்ளீனர் போர்ட் வழியா வால்வுக்குப் போச்சுன்னா ஓ-ரிங் கெடும். அதைவிட முக்கியம், பெட்ரோலிய எண்ணெய் எதுவும் உயர் அழுத்தக் காத்து இருக்கிற பக்கம் போகவே கூடாது, அழுத்தத்துல சூடாகி வெடிக்க வாய்ப்பு இருக்கு.

சுத்தம் பண்ணின உடனே குரூப் பாத்து தீர்ப்பு சொல்லாதீங்க, பேரல் செட்டாக சில ஷாட் ஆகும். குண்டுல மெல்லிசா லூப் (வழுக்க வைக்கிற பூச்சு) தடவிச் சுடுங்க, விரல்ல பட்டும் படாம இருக்கிற அளவு போதும். எத்தனை ஷாட்டுக்கு அப்புறம் விரியுதுன்னு குறிச்சு வைங்க. ஐம்பது ஷாட்டுக்கு ஒருதரம் சுத்தம் பண்ணா சரியா ஓடுதுன்னா நான் அதோட விட்டுடுவேன்.

போர்ஸ்கோப் (பேரலுக்குள்ள பார்க்கிற கருவி) விட்டுப் பார்த்து பயப்படாதீங்க, நல்லா சுடுற பேரல் கூட அதுல பயங்கரமா தெரியும். நீளவாட்டுல கோடு இருந்தா பெரிசா பாதிக்காது. குறுக்கால வரிவரியா, ரம்பப் பல் மாதிரி இருக்கிற தடம்தான் ஈயத்தைச் சுரண்டும்.

அட்டையில ஓட்டை நீள்வட்டமா விழுது

குண்டு சாய்ஞ்சு போய் அடிக்குது. மாடரேட்டர் இல்ல, க்ரவுன் சரி, சைஸ் சரின்னா ட்விஸ்ட்டை, அதாவது ரைஃப்ளிங் ஒரு முழுச் சுத்து வர எடுக்கிற நீளத்தை, பாருங்க. கைப்பிடி சுழல்ற க்ளீனிங் ராடுல டைட்டா துணி மாட்டி உள்ள தள்ளி, ராடு மேல ஒரு புள்ளி வச்சு, அது ஒரு முழுச் சுத்து வர எத்தனை இன்ச் நகருதுன்னு அளங்க. அப்புறம் 1879-ல க்ரீன்ஹில் கொடுத்த கணக்கு: 150-ஐ குண்டோட விட்டத்தின் வர்க்கத்தால பெருக்கி குண்டோட நீளத்தால வகுங்க, எல்லாம் இன்ச்ல. .457 குண்டு 0.8 இன்ச் நீளம்னா 39 வருது, அதாவது 39 இன்ச்சுக்கு ஒரு சுத்து போதும், உங்க பேரல் 30-க்கு ஒண்ணுன்னா தாராளம். அதே 30 இன்ச் ட்விஸ்ட் .357 பேரல்ல இருந்து 0.8 இன்ச் குண்டு போட்டா கணக்கு 24-ன்னு வரும், போதாது. பேரல் மேல தப்பே இல்ல, குண்டுதான் நீளம், குட்டையான குண்டுக்கு மாறுங்க. இது தோராயக் கணக்குதான், ஓரத்துல நிக்கிற குண்டை சுட்டுத்தான் முடிவு பண்ணணும்.

ட்விஸ்ட் போதும், ஆனா இன்னும் சாயுதுன்னா குண்டைப் பிடிச்சுப் பாருங்க. ரப்பர் துண்டு நிரப்பின பெட்டியில சுட்டா ஓரளவு சிதையாம கிடைக்கும். ரைஃப்ளிங் தடம் கூர்மையான விளிம்போட, லேண்ட் (க்ரூவுக்கு நடுவுல இருக்கிற மேடு) அகலத்துக்குச் சமமா இருந்தா நல்லது. தடம் அகலமா, வழிச்சு விட்ட மாதிரி இருந்தா குண்டு ரைஃப்ளிங்ல பிடிக்காம வழுக்குது. ஒண்ணு குண்டு சின்னது, இல்ல க்ரூவ் ஆழமே போதலை. வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பார்த்து, ஒரு சைஸ் பெருசு போட்டுப் பாருங்க.

நடுவுல இறுக்கம், நடுவுல லூஸ்

இறுக்கமான இடம் ஒண்ணு ரெண்டு இருந்தா லேப்பிங் பண்ணலாம், அதாவது போருக்கு அச்சா வார்த்த ஈயத்துல தேய்க்கிற பவுடர் தடவி உள்ள தேய்க்கலாம். லேப்பிங் உலோகத்தை எடுக்கும், சேர்க்காது. ஏற்கனவே லூஸா இருக்கிற பேரலை லேப் பண்ணா இன்னும் லூஸாகும், இதை மறந்துட்டுதான் ஒழுங்கா இருந்த பேரலையும் கெடுக்கிறாங்க. ஈயம் பூசுற கரட்டுப் பரப்புக்கும் லேப்பிங் உதவும், ஆனா அதுக்கப்புறம் குண்டு சைஸ் கூட்ட வேண்டி வரலாம்.

ஸ்டீல் ராடு முனையில பள்ளம் வெட்டி, கொஞ்சம் கீழ பருத்தி நூலைச் சுத்தி அடைச்சு, வாய்க்கு ஒரு இன்ச், ரெண்டு இன்ச் உள்ள நிறுத்தி, பேரலை லேசா சூடு பண்ணி உருகின ஈயத்தை ஊத்துனா போருக்கு அச்சு அசலா ஒரு லேப் கிடைக்கும். சூடு பண்றதுக்கு முன்னாடி ஓ-ரிங் எதுவும் பேரல்ல இருக்கக்கூடாது. உள்ள துளி ஈரம் இருக்கக்கூடாது, உருகின ஈயத்துல தண்ணி பட்டா ஆவியாகி முகத்துல தெறிக்கும், கண்ணாடி, கையுறை, நல்ல காத்தோட்டம் கட்டாயம். லேப்பை பேரலை விட்டு முழுசா வெளிய எடுக்காம, கொஞ்சம் மட்டும் வெளிய தள்ளி எண்ணெயும் 400 க்ரிட் பவுடரும் தடவி, ராடு ரைஃப்ளிங்கோட தானா சுழல்ற மாதிரி கைப்பிடி போட்டு, முன்ன பின்ன தள்ளுங்க. டேப் குறிச்ச இறுக்கமான இடத்துல மட்டும் குட்டையான ஸ்ட்ரோக் கொஞ்சம், அப்புறம் முழு நீளம். லேப் லூஸானா புதுசா வார்க்கணும். சோக் இருந்தா அதுக்கு முன்னாடியே நிறுத்தணும், லேப்பைப் ப்ரீச் பக்கம்தான் வார்க்கணும். நடுநடுவுல சுத்தம் பண்ணி ஈய உருண்டையைத் தள்ளிப் பாருங்க, எதிர்ப்பு சீராச்சுன்னா அங்கேயே நிறுத்துங்க. முடிஞ்ச பிறகு துணி கறுப்பு வராத வரைக்கும் துடைக்கணும், ஒரு துகள் தங்குனா கூட அது ஒவ்வொரு ஷாட்டுலயும் வேலை பார்க்கும்.

ஸ்லக்கிங்ல நடுவுல வந்த அளவைவிட வாய்ப் பக்கம் ரெண்டு தௌ, மூணு தௌன்னு நீளமா லூஸாகிட்டே போகுது, வெட்டுனாலும் தீராதுன்னா அந்தப் பேரல்ல இனி உழைப்பைப் போடாதீங்க. ஒரு வழி, பழைய பேரலைத் துளைச்சுப் பெருசாக்கி உள்ள ரைஃப்ளிங் போட்ட லைனர் ட்யூப்பை எபாக்ஸியால ஒட்டுறது, வெளித் தோற்றமும் ப்ரீச் பொருத்தமும் அப்படியே இருக்கும். இன்னொரு வழி நல்ல ப்ளாங்க் (ரைஃப்ளிங் போட்டு, கடையாம வர்ற பேரல் குழாய்) வாங்கி புதுசா கடையுறது. எதைப் பண்ணாலும் போர்ட் இடம், ஓ-ரிங் பள்ளம், போல்ட் முனை நீளம் மூணையும் பழைய பேரல்ல இருந்து அளந்து லேத்காரர்கிட்ட எழுதியே கொடுங்க, போர்ட் போட்ட பிறகு பிசிறு எடுக்கணும்னும் அதுலயே எழுதுங்க, வேலை முடிஞ்சு வந்த அன்னைக்கே ஈய உருண்டையைத் தள்ளி அளந்துட்டு அப்புறம் மாட்டுங்க.